மூணாம் கவுன்டரில் மாமியார்

– முழிக்காதே. டோக்கன் என்னோடதுதான். நம்பரைக் கூப்பிட்டாங்க, வந்து உக்காந்தேன்.

– அத்தை… பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போறேன்னுதானே காலையில கிளம்பினீங்க?

– பட்டனும் வாங்கியாச்சு, இதோ இருக்கு. உங்க ஆபீஸும் கடைத்தெருவுலதான் இருக்கு. நான் எதுல பொய் சொன்னேன்?

– பொய்னு நான் சொன்னேனா? வந்து… ஏதாவது வேணும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாமே. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேசியிருக்கலாம்.

– வீட்டுல நீ மருமக, நான் மாமியார். அங்க கேட்டா பதில் சமையல்கட்டுல இருந்து வரும். பாதி மிக்ஸி சத்தத்துல போயிடும். எனக்குக் கவுன்டர் பதில் வேணும், மேடம்.

– மேடமா! மெதுவா பேசுங்க அத்தை. பக்கத்துக் கவுன்டர்ல திரும்பிப் பாக்குறாங்க.

– பாக்கட்டும். துறைமுகத்துல முப்பது வருஷம் கப்பல் டிக்கெட் கொடுத்தவ நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்து பழகிட்டேன். இந்தப் பக்கத்து நாற்காலி இப்படி ஆடும்னு யாரும் சொல்லலை. காலை மாத்தச் சொல்லு.

– என்னது?

– நாற்காலிக் காலை.

– சொல்றேன் அத்தை. டீ கொண்டுவரச் சொல்லட்டுமா?

– இங்க வர்றவங்களுக்கெல்லாம் கொடுக்கிறியா?

– இல்லை.

– அப்ப எனக்கும் வேண்டாம். விஷயத்துக்கு வர்றேன். வயசு எழுபத்துமூணு. நெஞ்சுல ஒரு ஸ்டென்ட் இருக்கு. வெளிநாட்டுக்கு ஒரு மாசம் போறேன். எனக்குப் பயணக் காப்பீடு கிடைக்குமா, கிடைக்காதா?

– இதைத்தான் உங்க பையன் வீட்டுலயே சொல்லிட்டாரே.

– எம் பையன் பாய்லருக்கு முன்னாடி ஷிப்ட் பாக்குறவன். காப்பீடு விக்கிறவ நீ. நீ சொல்லு.

– கிடைக்காது அத்தை.

– ம்.

– எழுபது தாண்டிட்டா, அதுலயும் ஹார்ட் பேஷன்ட்னா, எந்தக் கம்பெனியும்… வந்து… எடுத்துக்க மாட்டாங்க.

– எந்தக் கம்பெனியும்?

– எந்தக் கம்பெனியும்.

– வாசல்ல பெருசா ஒரு போர்டு மாட்டியிருக்கீங்களே. தலை முழுக்க நரைச்ச ஒரு ஆணும் பொண்ணும் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கடற்கரையில சிரிக்கிறாங்க. அவங்களுக்கு யார் போட்டுக் கொடுத்தது?

– அது விளம்பரம் அத்தை. மாடல்ஸ். முடிக்கு வெள்ளை அடிச்சிருப்பாங்க.

– முட்டிக்கும் வெள்ளை அடிச்சாங்களா? அந்தம்மா முட்டி வீங்கியிருக்கிறதைப் பாத்தாலே தெரியுது, எனக்கே அக்கா.

– அத்தை, ப்ளீஸ்…

– கேட்டுக்கோ. டிக்கெட் இல்லைன்னு ஒரு ஆளைத் திருப்பி அனுப்பணும்னா, நாங்க முதல்ல சார்ட்டைப் பாப்போம். இருக்கா இல்லையான்னு நமக்கு முன்னாடியே தெரியும். இருந்தாலும் பாப்போம். பாத்துட்டுத்தான் உதட்டைப் பிதுக்குவோம். அது வரிசையில நிக்கிறவனுக்குக் கொடுக்கிற மரியாதை. நீ அந்த ஸ்க்ரீன் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பலை. என் பட்டன் பொட்டலத்தைப் பாத்துக்கிட்டே இல்லைங்கிறே.

– எனக்கு மனப்பாடம் அத்தை. தினமும் இதுதானே வேலை.

– மனப்பாடமா? நல்லதாப் போச்சு. அப்ப சத்தமாவே சொல்லு. பின்னாடி என் வயசுக்காரங்க வரிசையா உக்காந்திருக்காங்க. பாவம், எதுக்குக் காத்துக் கிடக்கணும், எழுந்து வீட்டுக்காவது போகட்டும். ஐயா! தொப்பிக்காரரே! உங்களுக்கு என்ன வயசாகுது? … எழுபத்தேழாம். கேட்டியா?

– அத்தை! என் வேலை போயிடும்!

– எக்ஸ்கியூஸ் மீ அம்மா, நான் இங்க சூப்பர்வைசர். ஏதாவது பிரச்சினைங்களா? எதுவா இருந்தாலும் தாராளமா என்கிட்ட சொல்லலாம்.

– வாங்க தம்பி. பிரச்சினை ஒண்ணும் இல்லை. எழுபத்துமூணு வயசுக்குப் பயணக் காப்பீடு உண்டான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

– தாராளமா உண்டும்மா. மூத்தவங்களுக்குன்னே தனித் திட்டம் வெச்சிருக்கோம். எண்பது வரைக்கும் எடுக்கலாம்.

– எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு.

– டாக்டர்கிட்ட ஒரு சான்று வாங்கிக் கொடுத்துட்டு, பிரீமியம் கொஞ்சம் சேத்துக் கட்டினா தாராளமா எடுக்கலாம். ஏங்க மேடம், நீங்க இதை அம்மாவுக்குச் சொல்லலையா?

– சார், நான் வந்து… நான்…

– அது சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு தம்பி. எனக்குத்தான் காது கொஞ்சம் மந்தம். அதான் கத்திட்டேன். ரொம்பப் பொறுமையான பொண்ணு. முகம் சுளிக்காம திருப்பித் திருப்பிச் சொல்லுது.

– எங்க ஆபீஸ்ல பொறுமைன்னா இவங்கதாம்மா. மேடம், அம்மாவுக்கு எது சரியா வரும்னு பாத்துக் கொடுங்க. தாராளமா டைம் எடுத்துக்கோங்க.

– நன்றி தம்பி. … போயிட்டாரா?

– போயிட்டாரு.

– கதவை மூடினதும் சொல்லு.

– மூடிட்டாரு அத்தை.

– தாராளம் தாராளம்கிறாரு, ஆடாத ஒரு நாற்காலி போட மனசு வரலை. சரி, கண்ணைத் துடை. கீபோர்டுல சொட்டினா அதுக்கும் உன் சம்பளத்துலதான் பிடிப்பாங்க.

– நான் ஒண்ணும் அழலை. உங்களுக்குக் காது மந்தமா? அடுத்த வீட்டுல ஃப்ரிட்ஜ் திறந்தா என்ன எடுத்தாங்கன்னு சொல்லுவீங்க.

– அதை அவர்கிட்ட சொல்லச் சொல்றியா?

– என்னை ஏன் காப்பாத்தினீங்க?

– ஒரு கவுன்டர்க்காரியை இன்னொரு கவுன்டர்க்காரி மேலதிகாரி முன்னாடி விட்டுக் கொடுக்க மாட்டா. மாமியார் மருமக சண்டையெல்லாம் வீட்டுல வெச்சுக்கலாம். இப்ப ஸ்க்ரீனைப் பாரு. என்னை முன்ன பின்ன தெரியாத மாதிரி கேளு. முதல் கேள்வி?

– …எந்த ஊருக்குப் போறீங்க?

– குளிர் ஊருக்கு. ஏரி வரைக்கும் மலை ரயில். அங்க இருந்து ஆறு வழியா கடலுக்குக் கப்பல்.

– எதுக்காகப் போறீங்க? வேலையா, சொந்தக்காரங்களைப் பாக்கவா, சுத்திப் பாக்கவா?

– சுத்திப் பாக்க. நான் டிக்கெட் கொடுத்த ஜனமெல்லாம் போயிட்டுத் திரும்பி வந்து, என் ஜன்னல்லயே நின்னு வாய் வலிக்கப் பேசிட்டுப் போகும். பனி இப்படி இருந்துச்சு, தண்ணி அப்படி இருந்துச்சுன்னு. பின்னாடி நிக்கிறவன் கத்துவான். நான் 'அடுத்தது'ன்னு சொல்லிட்டு அடுத்த டிக்கெட்டைக் கொடுப்பேன். அவங்க சொன்னது நிஜமான்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். அடுத்தது?

– கூட யாராவது வர்றாங்களா?

– ரெண்டாம் கவுன்டர்க்காரி வர்றா. என் பக்கத்து ஜன்னல்ல இருந்தாளே, அவதான்.

– அந்த ஆன்ட்டிக்கு உங்களை விட வயசு கூட.

– அவளுக்கு இடுப்பு எலும்பு மாத்தியாச்சு. புத்தம் புது இடுப்பு. என்னை விட முன்னால போறா, அப்புறம் நின்னு திரும்பிப் பாத்து, 'என்ன, வர்றியா இல்லை சங்கிலி பிடிச்சு இழுக்கட்டுமா'ங்கிறா. அடுத்தது?

– அத்தை, நிஜமாவே டிக்கெட்டெல்லாம் போட்டாச்சா?

– ரெண்டு பேருக்கும் அவ போட்டுட்டா. எழுபது தாண்டினவங்க காப்பீட்டுத் தாளை முன்கூட்டியே அனுப்பணுமாம், அது இல்லாம கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தாள் போகலைன்னா என் படுக்கை வேற ஆளுக்கு. அவ தனியாப் போவா, நான் வீட்டுல பட்டன் தைப்பேன். இப்பப் புரியுதா நான் ஏன் டோக்கன் எடுத்தேன்னு?

– புரியுது.

– ஆ, இப்பத்தான் முகத்தைப் பாத்துப் பேசுறே. காட்டு, என்னென்ன வெச்சிருக்கே?

– பாருங்க அத்தை, ரெண்டு திட்டம் இருக்கு. முதல் திட்டம் ரொம்ப விலை குறைவு. ஆனா வந்து… முன்னாடியே இருக்கிற நோய்க்கு இதுல பணம் வராது. வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சா கொடுப்பாங்க. நெஞ்சு வலிச்சா கொடுக்க மாட்டாங்க.

– எனக்கு நெஞ்சுதான் வலிக்கும், கையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பேருக்கு ஒரு தாள் இருந்தாக் கப்பல்காரனுக்குப் போதும். எனக்குப் போதாது. நெஞ்சு வலிச்சாலும் கொடுக்கிறதைக் காட்டு. ரெண்டாவது பக்கத்துல இருக்கும்.

– ரெண்டாவது பக்கம்னு எப்படித் தெரியும்?

– விலை கூடின சரக்கை எந்தக் கடையில முதல் பக்கத்துல போடுறாங்க?

– சரி… இது பாருங்க. இதுல நெஞ்சு வலிக்கும் உண்டு. ஆனா ஆஸ்பத்திரி செலவுல முதல்ல ஒரு பங்கு நீங்க கட்டணும். அதுக்கு மேலதான் கம்பெனி. அந்த முதல் பங்கு உங்க வயசுக்கு அதிகமா இருக்கு.

– அந்தப் பங்கைக் குறைச்சா பிரீமியம் ஏறும். ஏத்தினா பிரீமியம் குறையும். அப்படித்தானே?

– அத்தை, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?

– காதுல விழுது. ஆஸ்பத்திரி வராண்டாவுல என் வயசுக்காரங்க வேற எதைப் பேசப் போறாங்க? மேல சொல்லு.

– இன்னொண்ணு இருக்கு. இதுக்கு நீங்க பதில் சொல்ல முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி ஆறு மாசம் மருந்து மாறாம இருக்கணும். மாறியிருந்தா அந்த நோய்க்குப் பணம் கிடையாது. உங்களுக்குப் போன மாசம்தான் மாத்திரையை மாத்தினாங்க. வெள்ளை மாத்திரை போய் மஞ்சள் வந்துச்சு. நான்தானே டப்பாவுல போட்டு வைக்கிறேன்.

– மருந்துக்கடையில வெள்ளை ஸ்டாக் இல்லை, மஞ்சளைக் கொடுத்தான். கம்பெனிதான் வேற. உள்ள இருக்கிற மருந்தும் அதேதான், அளவும் அதேதான். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது இந்தா.

– டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க? என்னைக் கூப்பிடாம?

– நூலகத்துக்குப் போறேன்னு சொன்னேன் பாரு, அன்னிக்கு.

– அத்தை!

– நூலகத்துக்கும் போனேன். புஸ்தகம் மேசை மேல இருக்கு, பாத்துக்கோ. அந்தச் சான்றைப் படி, கண்ணாடி போட்டுக்கிட்டு.

– 'பயணத்துக்கு உடல் தகுதி உண்டு. படி ஏறும்போது நிதானம் தேவை.'

– நிதானத்துக்கு என்ன, கப்பல்ல லிஃப்ட் இருக்கு. நான் உன்னை ஒண்ணு கேக்கட்டுமா? ஸ்டென்ட் இருக்குன்னு சொன்னாத்தானே இத்தனை ரோதனை? சொல்லாமலே விட்டுட்டா? சட்டைக்குள்ள இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீ சும்மா 'ஆரோக்கியம்'னு ஒரு டிக் அடிச்சு விடேன்.

– என்ன பேசுறீங்க? அதை மட்டும் செய்யவே கூடாது அத்தை! அங்க ஒண்ணு ஆகி ஆஸ்பத்திரியில சேத்தா, முதல்ல இங்க இருக்கிற உங்க ஃபைலைத்தான் கேட்டு வாங்குவாங்க. மறைச்சது தெரிஞ்சா மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. கால் பிசகினதுக்குக்கூடக் கொடுக்க மாட்டாங்க. இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை பேர் எங்கிட்ட அழுதிருக்காங்க தெரியுமா? பிரீமியத்துல கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் பாத்து, வீட்டை வித்தவங்க இருக்காங்க. உண்மையைச் சொல்லி வாங்குற பாலிசிதான் பாலிசி. மத்ததெல்லாம் வெறும் காகிதம்.

– அம்மாடி! இவ்வளவு நேரம் இந்தப் பொண்ணு எங்க இருந்துச்சு?

– சிரிக்காதீங்க. நான் சீரியஸா சொல்றேன்.

– சிரிக்கலை. பெருமையா இருக்கு. வேலைன்னு வந்தா உனக்குப் பொய் வராது. அதான் மொதல்ல அந்தத் திணறு திணறினே. அடுத்தது?

– அடுத்தது… பை தொலைஞ்சா.

– தொலையட்டும். ரெண்டு ஸ்வெட்டர்தான். எடுத்தவனுக்குக் குளிராம இருக்கும். அடுத்தது?

– கிளம்பற முன்னாடியே உடம்புக்கு முடியாம போய் டிக்கெட்டை ரத்து பண்ணினா, கட்டின பணம் திரும்பி வரும்.

– அது வேணும். எனக்கு இல்லை, ரெண்டாம் கவுன்டர்க்காரிக்கு. இடுப்பு புதுசுன்னு ஆடிக்கிட்டு இருக்கா, எங்கயாவது விழுந்து வெச்சான்னா? அடுத்தது?

– நடுவழியில உடம்பு மோசமானா, கப்பல்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போற செலவு.

– ஹெலிகாப்டரா! இதைப் போர்டுல போட்டிருந்தா நான் போன வருஷமே வந்திருப்பேன். அடுத்தது?

– அவ்வளவுதான் அத்தை. முடிஞ்சுது.

– முடியலை. ஒண்ணை விட்டுட்டே.

– இல்லையே.

– ஹெலிகாப்டருக்குக் கீழ ஒரு வரி இருக்கு. நான் தலைகீழாவே படிப்பேன், முப்பது வருஷப் பழக்கம்.

– அதைப் படிக்கணுமா?

– வர்றவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுவியா?

– காட்டணும். அது விதி.

– அப்ப எனக்கும் படி.

– 'பயணி வெளிநாட்டில் இறக்க நேர்ந்தால், உடலை…' என்னால முடியலை அத்தை.

– 'உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவை நிறுவனம் ஏற்கும்.' இவ்வளவுதானே? நல்ல செய்திதான் இது. இத்தனை வயசுல எங்க போனாலும் நான்தான் டிக்கெட் வாங்கியிருக்கேன். ஒரு தடவையாவது அவங்க செலவுல படுத்துக்கிட்டே வருவேன்.

– போதும்! உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. அன்னிக்குப் பாத்ரூம்ல தண்ணி ஓடுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கூப்பிட்டேன். தட்டினேன். பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைச்சது நான். தோள்பட்டையால இடிச்சு இடிச்சு… எப்படி உடைச்சேன்னு இன்னிக்கும் தெரியலை. உங்க பையன் ஷிப்ட்ல, போன் லாக்கர்ல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்த ஈரத்துல உங்க தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான். நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்கு அது தூக்கம் மாதிரி. நான் முழிச்சிருந்தேன் அத்தை.

– தெரியும்மா.

– தெரியாது. உங்களுக்குத் தெரியவே தெரியாது.

– இப்பவும் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கே. தினம் ராத்திரி எழுந்து வந்து என் ரூம் கதவுல நிக்கிறே. மூச்சு வருதான்னு கேக்குறே. சில நாள் ஒரு தடவை. சில நாள் நாலு தடவை.

– நீங்க தூங்கிட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்.

– நீ வந்து நின்னா நான் கொஞ்சம் சத்தமா மூச்சு விடுவேன். கேட்டுட்டுச் சீக்கிரம் போய்ப் படுக்கட்டும்னு.

– …நிஜமாவா?

– பின்ன, குறட்டைன்னு நினைச்சியா? நல்ல குடும்பத்துப் பொண்ணு நான், எனக்குக் குறட்டையெல்லாம் வராது.

– சிரிக்க வைக்காதீங்க அத்தை. எனக்கு அழுகையா வருது.

– ரெண்டும் சேந்து வந்தா நல்லது. டிஷ்யூ எடுத்துக்கோ, அதையாவது தாராளமா வெச்சிருக்காங்க. கேட்டுக்கோ. ஸ்டென்ட் எனக்கு, கண்ணுக்குக் கீழ கறுப்பு உனக்கு. உப்பு வேண்டாம்னாங்க எனக்கு, நீயும் சேந்து உப்பில்லாம தின்னு தின்னு இளைச்சுப் போனே. நான் வீட்டுல இருக்கிற ஒவ்வொரு ராத்திரியும் நீ அந்தக் கதவுக்குக் காவல் நிக்கிறே. ஒரு மாசம் நான் அங்க இல்லைன்னா நீ என்ன பண்ணுவே? வெறும் கதவுல போய் நிப்பியா?

– அங்க உங்க கதவுல யார் நிப்பா?

– ஒரே ரூம், ரெண்டு கட்டில். அவ தூக்கம் வராத ஜென்மம். விடிய விடியப் புஸ்தகம் படிப்பா. நான் மூச்சை நிறுத்தினா, 'ஏய், என்ன சத்தத்தைக் காணோம்'னு தலையணையைத் தூக்கி அடிப்பா. கப்பல்ல டாக்டர் இருக்காரு. நம்ம வீட்டு பாத்ரூம்ல டாக்டர் இருக்காரா?

– இல்லை.

– நெஞ்சுக்குள்ள இருக்கிறது நான் எங்க இருந்தாலும் அதோட வேலையைத்தான் பாக்கும். அது நிக்கிற வரைக்கும் நான் உக்காந்து காத்துக்கிட்டு இருக்கணுமா? போயிட்டு வந்துடறேனே.

– அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

– சொல்லு.

– உங்க பையன் மேல கோபப்படாதீங்க. அவரு பாவம், ஒண்ணும் தெரியாது. காப்பீடு கிடைக்குமான்னு எங்கிட்டதான் கேட்டாரு. கிடைக்காதுன்னு சொன்னது நான். அவரு அதை அப்படியே உங்ககிட்ட வந்து சொன்னாரு.

– அதுவும் தெரியும்.

– எப்படி? அவரு சொன்னாரா?

– அவன் எங்க சொல்றான்? 'கவரேஜ் இல்லைம்மா'ன்னான். அவனுக்குக் கவரேஜ்னா செல்போன் டவர்தான். உன் வார்த்தை அவன் வாயில இருந்து வருதுன்னு அப்பவே பிடிபட்டுச்சு.

– அப்ப அன்னிக்கே ஏன் என்னைக் கேக்கலை? நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே.

– திட்டினா நீ மன்னிப்புக் கேப்பே. அப்புறம் ஒரு வாரம் என் முகத்தைப் பாக்காம காபியை மேசையில வெச்சுட்டுப் போவே. அந்த மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, ஸ்வெட்டருக்கு ஒட்டுப் போடவா?

– என் மேல கோபமே இல்லையா?

– இருந்துச்சு. ஒரு நாள் முழுக்க இருந்துச்சு. ராத்திரி நீ வந்து கதவுல நின்னே. போயிடுச்சு. அடுத்தது?

– அடுத்தது… ரெண்டாவது திட்டத்தையே போடுறேன் அத்தை. நெஞ்சு வலி, ஹெலிகாப்டர், ரத்து, எல்லாம் சேத்து. முதல் பங்கை நடுவுல வெச்சுடறேன், பிரீமியமும் தாங்கும், ஆஸ்பத்திரியில கையும் கடிக்காது. மருந்துப் பேரு எல்லாத்தையும் டாக்டர் எழுதின மாதிரியே அடிச்சுட்டேன். மஞ்சள் மாத்திரைக்கு எதிர்ல 'அதே மருந்து, அதே அளவு'ன்னு போட்டிருக்கேன். பின்னாடி எவனும் ஒரு வார்த்தை பேச முடியாது.

– பாத்தியா, கை எப்படி ஓடுது! இது கவுன்டர்க்காரியோட கை.

– கடைசியா ஒரு கேள்வி. அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?

– எம் பையனைப் போடு.

– அவரு போன் லாக்கர்ல இருக்கும்.

– இருந்துட்டுப் போகட்டும். வெளியில வந்ததும் பாப்பான்.

– அதுவரைக்கும் அங்க யார் காத்துக்கிட்டு இருப்பா? என் நம்பரைப் போடுறேன்.

– வேண்டாம். அந்த ஊருல பகல்னா நமக்கு நடு ராத்திரி. போன் அடிச்சா நீ பயந்துடுவே.

– பயப்படுவேன். ஆனா எடுப்பேன். கதவையே உடைச்சவ, போனை எடுக்க மாட்டேனா?

– இப்பத்தான் என் மருமக பேசுறா.

– பிரிண்ட் வந்துடுச்சு, பாருங்க. இங்க உங்க கையெழுத்து. அதுக்குக் கீழ 'வழங்கியவர்'னு என் கையெழுத்து. இந்தாங்க பேனா. வந்து… அத்தை…

– என்ன?

– ஸ்வெட்டர் ரெண்டு பத்தாது, என்னோடதையும் எடுத்துக்கோங்க. மஞ்சள் மாத்திரையைக் காலையில மறந்துடாதீங்க. நல்லா சுத்திப் பாத்துட்டு, போயிட்டு வாங்க.

– இன்னொரு தடவை சொல்லு, சரியாக் கேக்கலை.

– உங்க காது எனக்குத் தெரியும். போயிட்டு வாங்க அத்தை.

– போதும். இதைக் கேக்கத்தான் வந்தேன். பேனாவை மூடு. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடு.

– கிழிக்கணுமா? ஏன் அத்தை, எதுவும் தப்பா இருக்கா?

– உன் வேலையில ஒரு தப்பும் இல்லை. காப்பீட்டை நேத்தே எதிர்த்த கம்பெனியில எடுத்து, கப்பலுக்கும் அனுப்பியாச்சு. அங்க எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, 'நான்தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்'னு நீ காலம் பூரா தூங்காம கிடக்கக் கூடாது பாரு.